மண்ணை அறியும் அளவை

மெய்யை அறியும் வழிகளைச் சைவ சித்தாந்தம் அளவை என்னும் பெயரால் ஆராய்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் எண்ணிக் கூறும் அளவைகள் அனைத்தும் காண்டல் (புலன்வழி நேரே அறிதல்), கருதல் (கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்னும் மூன்றனுள் அடங்கும் என்கிறது. புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த உறுவையாறு போன்றதோர் ஊரில், தம் நிலம் நலமாயுள்ளதா என வினவும் உழவருக்கு இம்மூன்றனுள் எது துணை என்பது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று.

2015இல் நடுவணரசு தொடங்கிய மண்வள அட்டை உரையின்பாற்படும். அது அமிலகாரத் தன்மை முதல் போரான் வரை 12 கூறுகளைத் தெரிவித்தாலும், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் மண் எடுக்கப்படுவதால், உழவர் கையிலுள்ள அட்டை அண்டை வயலைப் பற்றியதாகவும் இருக்கக்கூடும். மண்ணில் வாழும் உயிர்கள் அந்தப் பன்னிரண்டில் இல்லை. உழவைக் குறைத்தும், மூடாக்கு இட்டும், பயிர்களை மாற்றி விதைத்தும் மண்ணைத் தேற்ற முனையும் மீளுருவாக்க வேளாண்மை நம்பியிருப்பதோ அவ்வுயிர்களையே.

ஆய்வகப் பயிற்சி பெறாதோரும் ஒரே முறையைப் பின்பற்றி அளந்து தரவு திரட்டும் குடிமக்கள் அறிவியல், காண்டலுக்கு உரிய இடத்தை மீட்டுத் தருகிறது. 20 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் மண்ணைத் தோண்டி மண்புழுக்களை எண்ணுவது காண்டல். பச்சைத் தேயிலைப் பையையும் ரூயிபோஸ் என்னும் மூலிகைத் தேநீர்ப் பையையும் 8 செ.மீ. ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாள் கழித்து அவற்றின் எடை குறைந்த அளவைக் கொண்டு நுண்ணுயிர்களின் உழைப்பை அறிவது கருதல். புகையால் நெருப்பை அறியும் பழைய எடுத்துக்காட்டில் புகை நின்ற இடத்தில் இங்குத் தேயிலைப் பை நிற்கிறது.

எனினும் ஐயமும் திரிபும் (ஒன்றை வேறொன்றாகக் கொள்ளுதல்) நீங்கிய காட்சியையே சித்தாந்தம் அளவையாக ஏற்கும். சித்திரை வெயிலில் காய்ந்த வயலைத் தோண்டுபவர் புழுவே இல்லையென முடிவுகட்டினால், அவை ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கியதை இன்மையாகக் கொண்ட திரிபு அது. சேறடித்து நீர் நிறுத்திய சம்பா வயலிலும் இவ்வெண்ணிக்கை பொருந்தாது. ஏற்ற பருவத்தில் பலர் பல வயல்களில் எண்ணும்போது இத்தகைய பிழைகளுட் பல வெளிப்பட்டுவிடும். ஆய்வகத்தின் உரையும் யாரோ கண்டதிலிருந்து பிறந்ததே ஆதலின், உழவரின் கண்ணைத் தாழ்ந்த சான்றாக ஒதுக்க நியாயமில்லை.

2018இல் இங்கிலாந்தில் இவ்வாறு புழு எண்ணிய உழவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், தம் நிலத்தைப் பேணும் முறையை மாற்றப்போவதாகக் கூறினர். கூறியது எண்ணம் மட்டுமே. அறிந்தது ஒழுக்கமாக மாறுவதைச் சித்தாந்தமும் அளவையில் அடக்காமல், சாதனம் என்னும் வேறு இயலில் பேசுகிறது.