அறைப் பதிவும் அறக்கடமையும்: இரத்து விதிகள் பற்றிய ஒரு நோக்கு

விடுமுறையைக் கழிக்கச் செல்வோர் ஹோட்டல் அறையொன்றைப் பதிவு செய்யும்போது எதிர்நோக்கும் இரத்து விதிகளை அறவியல் விசாரணைக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். அறவியல் என்றதும் போர், உயிர்க்கொலை, அரசுக்குக் கீழ்ப்படிதல் முதலான பெரும் பிரச்சினைகளையே நாம் நினைந்து பழகியுள்ளோம். எனினும், மனிதர் ஒருவருக்கொருவர் கொடுக்கும் சொல்லின் பெறுமதி யாது என்ற வினா, பெரும் சபதங்களிலும் பார்க்கச் சிறு கொடுக்கல் வாங்கல்களிலேயே அடிக்கடி எழுகின்றது. அரிச்சந்திரனுக்கு நேர்ந்த சோதனை நம்மில் எவருக்கும் நேரப்போவதில்லை. பதிவு செய்த அறைக்குப் போகாமல் விடும் சந்தர்ப்பமோ பலருக்கு நேர்கின்றது.

இன்று நடைமுறையிலுள்ள விதிகளைப் பெரும்பாலும் இரு வகையினுள் அடக்கலாம். குறித்த நாளுக்கு 24 அல்லது 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் அறிவித்தால் பணம் எதுவும் அறவிடப்படமாட்டாது என்பது ஒரு வகை. எக்காரணங் கொண்டும் பணம் மீளளிக்கப்படமாட்டாது என்பது மற்றையது. இதற்கு வாடகை குறைவு. இவற்றுள் எது இலாபகரமானது என்பது வெறும் கணக்கு. அக்கணக்கோடு விடயம் முடிந்துவிடுகின்றதா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. இவ்விதிகள் பணப்பொறுப்பை மட்டுமே வரையறுக்கின்றன. கடமையை அவை முற்றாக வரையறுப்பதில்லை என்பது எனது கருத்து.

பழைய யாத்திரிகனுக்கு இப்பிரச்சினை இருக்கவில்லை. கதிர்காமத்துக்கு நடந்து சென்றவன் வழியிலுள்ள மடத்தில் இடங்கண்டு தங்கினான். வராதவனுக்காக அங்கு எவரும் காத்திருக்கவில்லை. தங்குமிடம் விலைப்பண்டமாகிய பின்னரே அதை முன்கூட்டி ஒதுக்கி வைக்கும் வழக்கமும், அதனோடு இரத்துப் பிரச்சினையும் தோன்றின. பண்டங்களுள்ளும் இது விசித்திரமான பண்டம். இன்று விலைப்படாத துணியை நாளை விற்கலாம். இன்று விலைப்படாத இரவை நாளை விற்க முடியாது. ஒருவரின் பதிவை ஏற்ற கணத்திலிருந்து, கேட்டு வரும் ஏனையோருக்கெல்லாம் 'இடமில்லை' என்று விடுதிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கின்றார். அவர் அவ்வாறு சொல்வது பதிவு செய்தவரின் சொல்லை நம்பியே.

அமெரிக்க நீதிபதி ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1897 இல் ஆற்றிய 'சட்டத்தின் பாதை' என்னும் உரையில், ஒப்பந்தத்தை நிறைவேற்றும் கடமை என்பது, நிறைவேற்றாவிடின் நட்டஈடு செலுத்த நேரிடும் என்ற முன்னறிவிப்பேயன்றி வேறன்று என வாதிட்டார். இதன்படி நோக்குமிடத்து, இரத்துக் கட்டணத்தைச் செலுத்தியவர் எவருக்கும் எதுவும் கடமைப்பட்டவரல்லர். கட்டணமே இல்லாதவிடத்துக் கடமையும் இல்லை. ஆனால் ஹோம்ஸ் இதனைக் கூறியது சட்டத்தையும் ஒழுக்கத்தையும் குழப்பிக்கொள்ளலாகாது என்பதை விளக்கவேயாகும். அதனை ஒழுக்க நெறியாகவே எடுத்துக்கொள்வோர் அவர் எச்சரித்த குழப்பத்தையே மறுபக்கத்திலிருந்து செய்கின்றனர்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவ காலத்தில் யாழ்ப்பாண நகரில் தங்குமிடம் கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர், தேர்த் திருவிழாவை ஒட்டிய நாள்களுக்கு மூன்று விடுதிகளில் இலவச இரத்து விதியோடு பதிவு செய்கின்றார். வந்து பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் கடைசி மணித்தியாலத்தில் இரத்துச் செய்வது அவர் திட்டம். அவர் எந்த விதியையும் மீறவில்லை. இமானுவேல் கான்ற் 1785 இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில், திருப்பிக் கொடுக்க இயலாதென்று அறிந்துகொண்டே கடன் கேட்பவனின் பொய் வாக்குறுதியை ஆராய்கின்றார். எல்லோரும் அவ்வாறு செய்வாராயின் வாக்குறுதி என்பதே பொருளற்றுப் போகும் என்பது அவர் வாதம். நம் யாத்திரிகர் மூவருக்குக் கொடுத்த சொல்லுள் இருவருக்குக் கொடுத்தது இத்தகையதே.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். அது இலேசில் ஒதுக்கத்தக்கதன்று. இரத்துச் செய்யலாம் என்று விடுதிக்காரரே சம்மதித்திருக்கையில், கொடுக்கப்பட்டது நிபந்தனையுள்ள சொல்தானே, அதில் பொய் எங்கே என்று கேட்கலாம். அச்சம்மதம் யாருக்காக வழங்கப்பட்டது என்பதை நாம் கருதவேண்டும். வர எண்ணியிருந்து, நோயாலோ வேலையாலோ வரமுடியாது போனவருக்காகவே அவ்விதி ஏற்பட்டது. மூன்றில் இரண்டைக் கைவிடுவதென முன்னரே தீர்மானித்தவர், பிறரின் இடர்களுக்காகத் திறந்து வைத்த வாயிலைத் தமது வசதிக்குப் பயன்படுத்துகின்றார். இச்சம்மதத்தில் பங்குபற்றாத மூன்றாந் தரப்பொன்றும் உண்டு. அவர் பூட்டி வைத்த இரு அறைகளால் இடங்கிடைக்காது போன குடும்பம் எதற்கும் சம்மதித்ததில்லை.

கட்டணம் விதித்துவிட்டால் இவ்வொழுக்கக்கேடு தீரும் என்று நம்புவோருக்கு ஒரு செய்தி உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதிக்கும் பெற்றோருக்குச் சிறு தண்டம் விதித்துப் பார்த்த ஆய்வை க்னீசி, ருஸ்திச்சினி என்னும் பொருளியலாளர் இருவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தண்டம் வந்தபின் தாமதம் கூடியது. தண்டம் நீக்கப்பட்ட பின்னரும் அது குறையவில்லை. முன்னர் ஆசிரியையைக் காக்கவைக்கக் கூசிய பெற்றோர், அதனை விலைகொடுத்து வாங்கக்கூடிய சேவையாகக் கருதத் தொடங்கினர் போலும். இரத்து விதியும் இத்தகைய மாற்றத்தை நம்முள் செய்கின்றது. வரமுடியாது என்பதைப் பத்து நாள்களுக்கு முன்னரே அறிந்த ஒருவர், 48 மணித்தியால எல்லை வரை வாளாவிருப்பது விதிக்கு உட்பட்டதே. ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியத்தை அவர் பின்போடும் அவ்வெட்டு நாள்களிலும் விடுதிக்காரர் வேறெவருக்கோ இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எவர் மீதும் குற்றமில்லாதவிடத்து நட்டத்தை யார் சுமப்பது என்பது இதனிலும் கடினமான வினா. 1902 ஜூனில் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைக் காண்பதற்காக இலண்டனில் பலர் தெருவோர அறைகளை வாடகைக்கு எடுத்தனர். மன்னர் நோயுற்றமையால் விழா ஒத்திவைக்கப்பட்டு ஆகஸ்ட் 9 இல் நடந்தது. ஹென்றி என்பவர் இரு நாள்களுக்கு 75 பவுண் பேசி 25 பவுணை முற்பணமாகச் செலுத்தியிருந்தார். எஞ்சிய 50 பவுணை அவர் கொடுக்கவேண்டியதில்லை என 1903 இல் நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த ஆண்டு வேறொரு வழக்கிலோ, 100 பவுணை முன்னரே செலுத்தியிருந்தவர் அதனையும் இழந்து மிகுதியையும் கொடுக்க நேர்ந்தது, ஊர்வலம் ஒத்திப்போகு முன்னரே அப்பணம் செலுத்தப்பட வேண்டியிருந்தமையால். ஒரே இடர், ஒரே ஊர்வலம். பணங்கொடுக்கக் குறித்த நாள் எது என்ற தற்செயல் நட்டத்தைப் பங்கிட்டது. இந்நிலை 1942 இல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பினாலும் 1943 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலுமே மாற்றப்பட்டது. செலுத்திய பணம் மீளப் பெறப்படலாம். எனினும் மற்றையவர் ஏற்கெனவே செய்த செலவுக்காக ஒரு பகுதியை அவர் வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்பது அச்சட்டத்தின் சாரம்.

நம் நாட்டில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின்னர், மே மாதத்தில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகை முந்திய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 70 வீதத்தால் வீழ்ச்சியடைந்தது. வராமல் விட்டவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நிலாவெளியிலும் அறுகங்குடாவிலும் அப்போது தொடங்கவிருந்த பருவத்தை நம்பிக் கடன்பட்டு அறை கட்டியவரும் குற்றவாளியல்லர். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று உலகை முடக்கியபோது, எயார்பிஎன்பி கம்பனி, வீட்டுக்காரர் விதித்திருந்த இரத்து விதிகளைப் புறந்தள்ளிப் பயணிகளுக்கு முழுப் பணத்தையும் மீளளித்தது. எதிர்ப்பு எழவே 25 கோடி டொலரை ஒதுக்கி, அவ்விதிகளின்படி வீட்டுக்காரருக்குக் கிடைத்திருக்கவேண்டிய தொகையில் 25 வீதத்தைக் கொடுக்க முன்வந்தது. தனது பணத்தில் அன்றி வீட்டுக்காரரின் பணத்திலேயே முதலில் தாராளங் காட்டியது என்பதுதான் அக்கம்பனி மீது நான் காணும் குறை. முழுவதும் ஒருவர் தலையில் விழாது பங்கிடப்படவேண்டும் என்ற கொள்கை சரியானது. அப்பங்கைத் தாங்கும் வலிமை யாருக்கு உண்டு என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். நூற்றுக்கணக்கான அறைகளைக் கொண்ட ஹோட்டல் ஓர் இரத்தைக் கணக்கில் கரைத்துவிடும். மூன்று அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது அவ்வாரத்தின் வருமானம்.

இதுவரை கூறியவற்றால் ஹோட்டல்களுக்கு வழக்குரைப்பதாக என்னை எண்ணலாகாது. மீளளிப்பற்ற பதிவைக் குறைந்த வாடகைக்குத் தெரிந்தே ஏற்றவர், வரமுடியாதபோது பணத்தை இழப்பது நியாயமே. குறைந்த வாடகையின் விலை அந்த அபாயம். ஆனால் அவர் வராத அதே இரவுக்கு அவ்வறையை வேறொருவருக்கு விற்ற பின்னரும் முதலாமவரின் பணத்தை வைத்துக்கொள்வது, ஒரே இரவை இருமுறை விற்பதாகும். எழுதப்பட்ட விதி அதற்கு இடங்கொடுக்கலாம். நட்டமே ஏற்படாதவிடத்து நட்டஈடு எதற்கு என்ற கேள்வி அதனால் நீங்காது. அன்றியும், சிலர் வரமாட்டார் என்ற கணிப்பில் உள்ள அறைகளிலும் கூடிய பதிவுகளை ஏற்றுக்கொள்வது பெரிய ஹோட்டல்களிடையே பரவலான வழக்கம். கணிப்புப் பிழைக்கும் இரவில், பணமும் செலுத்திப் பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் வந்து நிற்பவரை வேறோர் ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவர். பயணி தாமதமாக அறிவித்தால் அவர் இழக்கும் தொகையை மணித்தியாலக் கணக்கில் வகுத்துச் சொல்லும் இரத்து விதிகள், இவ்வாறு அனுப்பப்பட்டவருக்கு என்ன கொடுக்கப்படும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.