அரைக் குப்பி மருந்து

சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார் ஷெர்லாக் ஹோம்ஸ். 1887-இல் வந்த கதை. அந்தப் புகழுக்கு ஊர் கொடுத்த விலை வாய்ப்புற்று. உறையூர்ச் சுருட்டு ஒருபக்கம், வெற்றிலை சீவலோடு புகையிலை இன்னொரு பக்கம். கன்னத்தின் உட்புறம் ஆறாத புண்ணை ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் ‘பல்லு உரசுது’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். வாய் திறக்க முடியாமல் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது, பலருக்கு ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டியிருக்கும்.

இரண்டு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் இங்கேதான் பேச்சுக்கு வருகிறது. நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களுக்குப் புற்றைக் கொல்லத் தெரியும். ஆனால் அவற்றின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தைப் பிடித்துப் புற்றுச் செல் அவற்றை அடக்கிவிடுகிறது. நிவோலுமாப் ஊசி அந்தப் பிடியை மறிக்கிறது. மறித்தும் பலருக்குப் பலன் இல்லை. கட்டியின் கோணல்மாணலான ரத்தக் குழாய்களும் அது சுரக்கும் பொருள்களும் டி செல்களை வெளியிலேயே நிறுத்திவிடும். அந்தத் தடையைத் தளர்த்தத்தான், புற்று வளர உதவும் குறிப்பிட்ட மூலக்கூறைக் குறிவைக்கும் டார்கெட் மருந்து. கல்லீரல் புற்றில் புதிய ரத்தக் குழாய்களைத் தடுக்கும் பெவாசிசுமாபையும், நிவோலுமாப் போலவே அந்தப் பிடியை மறிக்கும் அடிசோலிசுமாப் ஊசியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: ஓராண்டு தாண்டியவர்கள் 67 சதவீதம், வழக்கமான மாத்திரையில் 55.

சரி, விலை? நிவோலுமாபை முழு அளவில் போட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். செலவு லட்சங்களில் ஓடும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர்கள் விஜய் பாட்டீலும் குமார் பிரபாஷும் வேறு கணக்குப் போட்டார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேர். எல்லாருக்கும் மூன்று மாத்திரைகள்: பழைய கீமோ மருந்தான மெத்தோட்ரெக்சேட், மூட்டுவலிக்குத் தரும் செலிகாக்சிப், டார்கெட் மருந்தான எர்லோடினிப். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டும் கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப். 40 மில்லிகிராம் குப்பி ஒன்றை ஒரே நாளில் இரண்டு பேருக்குப் பிரித்துவிடலாம். ஊசி இல்லாதவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதம், ஊசி போட்டவர்களில் 43.4.

இதைக் குணமாகும் கதையாகச் சொல்லக் கூடாது. இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) ஏழு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, பத்து மாதமானது; அவ்வளவுதான். முழு அளவு ஊசியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை. பலனில் எர்லோடினிப்பின் பங்கு எவ்வளவு என்பதும் இதிலிருந்து பிரிந்து தெரியாது. ஆனாலும் திருச்சியில் நகையை அடகு வைத்து வைத்தியம் பார்க்கும் வீட்டுக்கு, லட்சங்களில் விலை சொல்லும் எந்த ஜோடி மருந்தையும்விட இந்த ஆய்வுதான் முக்கியம் என்பேன்.

எதையும் எதோடும் சேர்த்துவிட முடியாது. தோல் புற்றில் டார்கெட் மருந்தான வெமுராஃபெனிபையும் டி செல்களை விடுவிக்கும் இபிலிமுமாப் ஊசியையும் சேர்த்தபோது கல்லீரல் கெட்டது. அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள். நுரையீரல் புற்றில் டார்கெட் மருந்தான ஆசிமெர்டினிபும் டி செல்களை விடுவிக்கும் துர்வாலுமாபும் சேர்ந்து நுரையீரலையே அழற்சிக்குள்ளாக்கின. தடை நீங்கிய டி செல்கள் நம் குடலையும் தாக்கக்கூடும். அதனால் இந்த வகை ஊசி போட்டுக்கொண்டவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல், அன்றைக்கே புற்றுநோய் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம்.