போன இடம்

10 டிகிரி

சனிக்கிழமை, மாலை ஆறு மணி. மான்செஸ்டருக்குத் தெற்கே சேல் என்னும் ஊர். வெளியே ஜனவரி இருட்டு. குழாய்த் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 10 டிகிரி.

மான்செஸ்டருக்கு இந்தத் தண்ணீர் வடக்கே ஏரி மாவட்டத்திலிருந்து வருகிறது. 1894இல் தர்ல்மியர் ஏரியிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம், பம்பு கிடையாது, சரிவே இழுத்துவருகிறது. உப்பில்லாத மென்மையான தண்ணீர். வெளிர் நிற ஏல் என்னும் பீர் காய்ச்ச வேண்டுமானால் அதில் ஜிப்சம் கொஞ்சம் கரைக்க வேண்டும். பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் அது இயற்கையாகவே இருந்தது. அந்த ஊரின் பீருக்குப் பேர் வந்ததே கிணற்றால்தான்.

25 லிட்டர் அளந்து பாய்லரில் ஊற்றினேன். டீக்கடை பாய்லரின் அண்ணன் மாதிரி இருக்கும் எவர்சில்வர் உருளை. அடியில் தகட்டுக்குக் கீழே ஹீட்டர், பக்கத்தில் ஒரு குழாய். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனான பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்தது. முட்டி வலியால் இனிக் குனிந்து தூக்க முடியாது என்று சொல்லிவிட்டு, மூன்று விதிகளையும் சேர்த்துக் கொடுத்தார். சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகு. வேறு வழியில்லாமல் நீட்டிப்புக் கம்பி போட்டால் சுருளிலிருந்து முழுவதையும் அவிழ்த்து விடு, சுற்றியபடி விட்டால் உருகிவிடும். கொதிக்கும்போது அடுக்களையை விட்டு நகராதே.

சுவிட்சைப் போட்டேன். பாய்லர் மேல் 240 வோல்ட்டுக்கு 3 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது.

என் குறிப்பேட்டில் மூன்று பத்திகள். முதலாவது ‘கணக்கு’, அடுத்தது ‘நடந்தது’. மூன்றாவது பத்திக்கு வெகுநாள் தலைப்பில்லை.

கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல். 25 லிட்டர், 10இலிருந்து 70 வரை 60 டிகிரி. மொத்தம் 6,279 கிலோஜூல். 3 கிலோவாட்டுக்கு 35 நிமிடம்.

நடந்தது: 41 நிமிடம்.

67 டிகிரி

உடைத்த பார்லி மால்ட் நாலு கிலோவைப் பெரிய துணிப்பையில் போட்டு 70 டிகிரித் தண்ணீரில் இறக்கினேன். தானியத்தின் குளிர்ச்சி மூன்று டிகிரியைத் தின்றது. 67இல் நின்றது. சுவிட்சை அணைத்துப் பாய்லரைப் பழைய கம்பளியால் சுற்றிவிட்டேன். இனி ஒரு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. உள்ளே வேலை நடக்கிறது. பார்லி முளைவிட்டபோது தனக்காகச் சேர்த்துவைத்த நொதிகள் இப்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகின்றன. 62 பக்கம் வைத்தால் ஒரு நொதி சுறுசுறுப்பாகும், பீர் வறண்டு தெளிவாக வரும். 70 பக்கம் வைத்தால் இன்னொன்றின் கை ஓங்கும், நாக்கில் கனமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு டிகிரிதான் காய்ச்சுபவருக்கு உள்ள இடம்.

ஆங்கிலத்தில் இதற்கு மேஷ் என்று பெயர். நான் குறிப்பேட்டில் ‘ஊறல்’ என்றே எழுதுகிறேன். நம்மூரில் அது போலீஸ் செய்தியில் மட்டும் வரும் சொல்: ஊறல் பறிமுதல், ஊறல் அழிப்பு. தமிழ்நாட்டில் வீட்டில் இதைச் செய்தால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் கதவைத் தட்டும். இங்கேயும் 1880 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். விற்கக் கூடாது. காய்ச்சலாம், குடிக்கலாம், கொடுக்கலாம்.

இந்த ஒரு மணி நேரத்தில்தான் ஜூல் நினைவுக்கு வருவார்.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1818இல், இங்கிருந்து சில மைல் தள்ளியுள்ள சால்ஃபோர்டில் பிறந்தவர். அப்பாவுக்கு பீர் ஆலை. பையன் சிறுவயதில் விஞ்ஞானி ஜான் டால்டனிடம் பாடம் கேட்டான், வளர்ந்து ஆலையைக் கவனித்தான். ஆலையில் நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்சார மோட்டார் வைத்தால் கட்டுமா என்று பார்க்கப் புகுந்ததுதான் அவருடைய ஆராய்ச்சியின் தொடக்கம். கட்டவில்லை. பேட்டரியில் கரையும் துத்தநாகத்தைவிட நிலக்கரி எவ்வளவோ மலிவு என்று கணக்கு சொன்னது. ஆனால் அந்தத் தோற்ற கணக்கின் வழியில், இருபத்தொரு வயதில், கம்பியில் ஓடும் மின்சாரம் எழுப்பும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது என்று கண்டார்.

என் பாய்லரின் அடித்தகட்டுக்குக் கீழே நடப்பது அதுதான். பீர் ஆலைக்காரர் மகன் கண்ட விதியால் பீர் காய்கிறது. நிலக்கரியே மலிவு என்ற அவருடைய முடிவோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் சரியாகத்தான் இருந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம், ராட்க்ளிஃப்-ஆன்-சோரில், நிறுத்தப்பட்டது. அதன் பிறகு இந்த நாட்டில் எந்த மின்நிலையமும் நிலக்கரியில் ஓடவில்லை.

அந்த விதியே என் ஆறு நிமிடத்தில் பாதியையும் காட்டிக்கொடுத்தது. மாலையில் என் சுவரில் 240 வோல்ட் இல்லை, 230தான். நாலு சதவீதம் குறைந்தால் சூடும் நாலு சதவீதம் குறையும் என்று நினைத்திருந்தேன். இருமடி அல்லவா, எட்டு சதவீதம் குறைகிறது. 3,000 வாட் பாய்லர் 2,750 வாட்டில்தான் ஓடுகிறது. 35 நிமிடம் 38 ஆகிறது.

மீதி மூன்று நிமிடம் எங்கே? மூன்றாம் பத்திக்கு அன்றுதான் தலைப்பு வைத்தேன்: ‘போன இடம்’.

100 டிகிரி

பையைத் தூக்கி வடித்தாயிற்று. 22 லிட்டர் சாறு. தேன் நிறம், ஹார்லிக்ஸ் வாசனை. தூக்கிய பிறகு ஒரு நீளக் கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். இது சொந்தச் செலவில் படித்தது. முதல் முறை கிளறாமல் போட்டேன். அடியில் படிந்த மாவு ஹீட்டர் தகட்டில் கருகி, சூடு ஏற வழியில்லாமல் தகடு கொதித்து, பாதுகாப்பு சுவிட்ச் ட்ரிப் ஆகி நின்றுபோனது. பாய்லர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பெரியவர் வந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த பீரை மூன்று மாதம் வைத்துப் பார்த்தும் புகை போகவில்லை. அத்தனையும் சாக்கடைக்கு.

விறகோ கேஸோ எரிந்தால் தீயின் உயரத்தைப் பார்த்துச் சூட்டை அறியலாம். மின்சாரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. காதுதான் துணை. எழுபதைத் தாண்டியதும் பாய்லர் முனகத் தொடங்கும். தகட்டில் பிறக்கும் குமிழிகள் மேலே வரும் வழியிலேயே குளிர்ந்து உடைகிற சத்தம். தொண்ணூறில் இரைச்சலாகும். பிறகு, கொதிக்கப் போகும் சற்று முன்னால், சத்தம் அடங்கும். தண்ணீர் முழுக்கச் சூடேறிவிட்டது, குமிழிகள் இனி வழியில் சாவதில்லை. அந்த அமைதி வந்ததும் கரண்டியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். பால் பொங்கினால் வீட்டுக்கு நல்லது. இது பொங்கினால் மூன்று நாளைக்குத் தரை பிசுபிசுக்கும்.

கணக்கு 18. நடந்தது 22.

நுரை பழுப்பாக எழுந்து, தணிந்து, சாறு திரிந்த பால் போல் துகள் துகளாகியது. புரதம் கட்டிப்படுகிறது. ஹாப்ஸ் பூக்களைப் போட்டேன். ஒரு மணி நேரக் கொதியில்தான் அவற்றின் அமிலம் உருமாறிக் கசப்பாகிறது. வெந்நீரில் சும்மா ஊறப்போட்டால் மணம் வரும், கசப்பு ஏறாது. அவித்த மக்காச்சோளம் போல் நாறும் கந்தகச் சேர்மம் ஒன்று மால்ட்டிலிருந்து வரும், அது ஆவியோடு போக வேண்டும். அதனால் மூடி போடக் கூடாது. மூடினால் ஆவி குளிர்ந்து சொட்டி, போனது திரும்ப உள்ளே வந்துவிடும்.

2,750 வாட்டும் ஆவியாக்குவதற்கே போனால் மணிக்கு 4.4 லிட்டர் குறைய வேண்டும். 3.7 லிட்டர்தான் குறைந்தது. அந்த 0.7 லிட்டரை ஆவியாக்கியிருக்க வேண்டிய சூடு எவர்சில்வர் சுவர் வழியாக அடுக்களைக்குள் வந்துவிட்டது. சுவெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டு முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது. இந்த மாதத்தில் இந்த வீட்டில் இவ்வளவு கதகதப்பான அறை வேறில்லை.

போன இடம்: ஜன்னல், சுவர், நான்.

ஜூலுக்கு முன்பு சூடு என்பது ஒரு மெல்லிய திரவம், பொருளுக்குப் பொருள் வழிந்தோடுவது என்று பலர் நம்பினார்கள். அவர் தண்ணீர்த் தொட்டியில் துடுப்பை வைத்து, எடைக்கல் இறங்க இறங்க அது சுழலும்படி செய்து, கலக்கியதாலேயே தண்ணீர் சூடாவதை அளந்தார். எடை இறங்கிய உழைப்பு காணாமல் போகவில்லை, சூடாக உட்கார்ந்திருந்தது. ஒரு டிகிரியில் மிகச் சிறு பங்கு மாற்றம். அதைப் படிக்கும் கண்ணும் பொறுமையும் அவருக்கு இருந்தன. பீர் ஆலையில் வெப்பமானியோடு வளர்ந்தவருக்கு அது வாய்த்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. இரவு ஒன்பதரைக்குப் பாய்லர் பக்கத்தில் நிற்கையில் நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

20 டிகிரி

சுவிட்சை அணைத்தேன். செம்புக் குழாய்ச் சுருளைச் சாற்றில் இறக்கி, குழாய்த் தண்ணீரை அதனுள் ஓடவிட்டேன். மறுமுனையில் வெந்நீராக வருகிறது. அரை மணி நேரத்தில், ஐம்பது லிட்டர் போல ஓடி முடிந்ததும், சாறு 20 டிகிரிக்கு வந்தது. மெதுவாகத் தானே ஆறட்டும் என்று விட்டால் காற்றில் உள்ளதெல்லாம் விருந்துக்கு வந்துவிடும்.

18.3 லிட்டர், 80 டிகிரி இறக்கம். கணக்குப் போட்டேன். 6,128 கிலோஜூல். மாலையில் தண்ணீரைச் சூடேற்ற உள்ளே ஊற்றியது 6,279. ஏறக்குறைய அதே அளவை இப்போது ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே எடுத்திருக்கிறேன். பார்ப்பவருக்கு இது வீண் வேலை. ஏற்றினான், இறக்கினான். ஆனால் ஏறி இறங்கிய தண்ணீர் ஏறுவதற்கு முந்தைய தண்ணீர் இல்லை. வெளியே வந்த வெந்நீரில் பை, கரண்டி, வாளி எல்லாவற்றையும் கழுவினேன். அதையும் மூன்றாம் பத்தியில் எழுதிக்கொண்டேன்.

அடர்த்திமானி 1.047 காட்டியது. ஈஸ்ட்டைத் தூவி மூடினேன். இரண்டு வாரத்தில் 1.011க்கு வந்தால் 4.7 சதவீதம் ஆல்கஹால். சர்க்கரை ஆல்கஹாலாகும் கணக்கில் மட்டும் மிச்சம் விழாது. 180 கிராம் குளுகோஸ் என்றால் 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் கரியமிலவாயு. தொண்ணூற்றிரண்டும் எண்பத்தெட்டும் நூற்றெண்பது. காகிதத்தில் அப்படி. வாளியில் ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்கவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தானும் சூடாகும். மூன்றாம் நாள் வாளியின் பக்கத்தில் கை வைத்தால் அறையைவிடக் கதகதப்பாக இருக்கும், காய்ச்சல் குறைந்துவரும் குழந்தையின் நெற்றி போல.

772.55

ஞாயிறு காலை நடந்தே புரூக்லாண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஜூல் 1889இல் இந்த ஊரில்தான் இறந்தார். கல்லின் தலைப்பில் ஓர் எண் வெட்டியிருக்கிறார்கள்: 772.55.

ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, ஒரு பவுண்டு எடை எத்தனை அடி இறங்க வேண்டும் என்பதற்கு 1878இல் அவர் கண்ட விடை அது. 1843இல் அவருக்குக் கிடைத்தது 838. மறுபடி அளந்தார். 1850இல் 772க்கு வந்தார். அதற்குப் பிறகும் விடவில்லை. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவே 35 ஆண்டுகள்.

நானும் 41 நிமிடத்தை 35 ஆக்கப் பார்த்தவன். பாய்லருக்குப் பாய் சுற்றினேன், மூடியை இறுக்கினேன், வோல்ட் மீட்டர் வாங்கினேன். 39 வரை வந்தது. அதற்குக் கீழே வரவில்லை. முன்பெல்லாம் அந்த மிச்சத்தை ‘நஷ்டம்’ என்று எழுதுவேன். அது நஷ்டம் இல்லை, நான் எழுதாமல் விட்ட செலவு. எங்கே போயிற்று என்று தேடிப்போனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று அந்தச் சூட்டை வாங்கி வைத்திருக்கிறது: பாத்திரம், ஜன்னல், கழற்றிப் போட்ட சுவெட்டர்.

இன்றைய கணக்குப்படி அந்த எண் 778ஐ ஒட்டியது. கல்லில் இன்னும் 772.55 என்றே இருக்கிறது.