கரி நெருப்பின் அருகே



கோடை விடுமுறை வந்துவிட்டது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டைத் தேடி வருகிறார்கள். மே மாதம் 4-ம் தேதி வாக்கில் தொடங்குகிற கத்திரி வெயில் ஏறத்தாழ 25 நாள் நம்மை வாட்டும். ஆனாலும் பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால், மயிலையிலும் அடையாற்றிலும் குடியிருக்கிற நமக்கு அது சர்வேசுரன் செய்கிற பெரிய உபகாரம் அல்லவா? மாலையானதும் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போகிறோம். வசதியுள்ள சிலர் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போய், குளிர்ந்த இரவிலே விறகு அடுக்கித் தீ மூட்டி, சிநேகிதரும் பேரப்பிள்ளைகளுமாகச் சுற்றி உட்கார்ந்து, பாட்டும் கதையுமாகப் பொழுது போக்குகிறார்கள். சாரணப் பிள்ளைகள் இதைப் பாசறைத் தீ என்பார்கள். மலைக்குப் போக வசதியில்லாதவர்களும் வருத்தப்பட வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரையிலே கரி அனலை விசிறிச் சோளக்கதிர் சுட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழமும் தேய்த்துக் கொடுக்கிறார்களே, அந்த வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதைப் பாருங்கள். நெருப்பைக் கண்டால் மனிதர் கூடுவார்கள், கூடினால் பேசுவார்கள்.

இப்படிச் சந்தோஷமாய்க் கூடியிருப்பது நல்ல காரியம். நம் ஆண்டவரே கடற்கரையில் கரி நெருப்பு மூட்டித் தம் சிநேகிதருக்கு உணவு சமைத்தார் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அதைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அர்ச். அருளப்பர் தமது சுவிசேஷத்தைக் கிரேக்க மொழியில் எழுதியபோது, கரி நெருப்பைக் குறிக்கிற ஒரு சொல்லை இரண்டே இடங்களில் வழங்கியிருக்கிறார். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அந்தச் சொல் கிடையாது. ஒன்று 18-ம் அதிகாரத்தில், பிரதான குருவின் வீட்டு முற்றத்தில் எரிந்த நெருப்பு. மற்றது 21-ம் அதிகாரத்தில், திபேரியாக் கடற்கரையில் எரிந்த நெருப்பு. இரண்டின் அருகிலும் இருந்தவர் அர்ச். இராயப்பர்.

முதல் நெருப்பை மூட்டினவர்கள் ஊழியரும் சேவகரும். குளிரான இரவு. இராயப்பர் அவர்கள் நடுவே நின்று குளிர்காய்ந்தார். உள்ளே அவருடைய ஆண்டவர் விசாரிக்கப்படுகிறார். வெளியே இவர் அந்த மனிதரை அறியேன் என்று மும்முறை மறுதலிக்கிறார். சரீரத்துக்குச் சூடு கிடைத்தது, ஆத்துமமோ உறைந்துபோயிற்று.

இரண்டாம் நெருப்பு உத்தானத்துக்குப் பின் மூட்டப்பட்டது. சீடர் ஏழு பேர் இராமுழுதும் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் களைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் கரையில் நின்றவர் சொன்னபடி வீசியபோது 153 பெரிய மீன்கள் விழுந்தன. கரையேறி வந்தால், அங்கே கரி நெருப்பும், அதன்மேல் மீனும், கூடவே அப்பமும் தயாராயிருக்கின்றன. இராயப்பரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கரிப்புகையின் வாசனை அவருக்கு எந்த இரவை நினைவூட்டியிருக்கும்!

ஆண்டவர் என்ன செய்தார்? ஏன் என்னை மறுதலித்தாய் என்று எடுத்த எடுப்பிலே கேட்டாரா? இல்லை. வந்து சாப்பிடுங்கள் என்று எல்லாரையும் அழைத்தார். தம் கையாலே அப்பத்தையும் மீனையும் எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான், தம்மை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று சிநேக வார்த்தை. கேள்வி கேட்காமலும் விடவில்லை. ஆனால் முதலில் உணவு, பிறகே கேள்வி. அதோடு ஓர் உத்தியோகத்தையும் கொடுத்தார். ஆட்டுக்குட்டிகளை மேய்க்கும்படி முதலாவதாகவும், ஆடுகளை மேய்க்கும்படி அதற்குப் பின்பும் சொன்னார். தாத்தா பாட்டிமாரே, குட்டிகளைப் பற்றிய பேச்சு முதலில் வந்ததைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் மயிலைவாசிகளாகிய நாம் மறக்கலாகாது. அந்த ஏழு பேரில் அருளப்பர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறவர்களில் ஒருவர் அர்ச். தோமையார். அவர் 52-ம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, 72-ல் பரங்கிமலையில் வேதசாட்சியாய் மரித்தார் என்பது நம் முன்னோரின் பாரம்பரியம். அவருடைய கல்லறையின் மேல்தான் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. திபேரியாக் கரையில் அந்த நெருப்பருகே உட்கார்ந்து ஆண்டவர் கையால் அப்பம் வாங்கித் தின்றவர், தம் சிநேகிதன் மன்னிப்புப் பெற்றதைக் கண்ணால் கண்டவர், நம்முடைய கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த விசுவாசத்தின் வாரிசுகள் நாம்.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். அண்ணனும் தம்பியும் ஒரே பூசைக்கு வருகிறார்கள். பூசை முடிந்ததும் ஒருவர் வலப்பக்கத்துக் கதவாலும் மற்றவர் இடப்பக்கத்துக் கதவாலும் வெளியே போகிறார்கள். காரணம் என்ன? வீட்டில் ஒரு பாகம், தாயார் வைத்துப்போன ஒரு நகை, அல்லது கலியாணத்துக்குச் சரியாய்க் கூப்பிடவில்லை என்ற ஒரு மனத்தாங்கல். பெரியவர்களின் சண்டை பெரியவர்களோடு நிற்கிறதா? பெரியப்பன் பிள்ளையும் சித்தப்பன் பிள்ளையும் தெருவிலே எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் அந்தப் பாகத்தைக் கண்டார்களா, நகையைக் கண்டார்களா? நாம்தான் கதை சொல்லுகிறபோது கசப்பையும் சேர்த்து ஊட்டிவிட்டோம்.

பிரியமானவர்களே, பேரப்பிள்ளைகளை ஒரு கட்சியில் சேர்க்காதீர்கள். இந்த விடுமுறையிலே ஒரு நாள், பௌர்ணமி இரவாயிருந்தால் இன்னும் நல்லது, மொட்டை மாடியில் பாய் விரித்து நிலாச்சோறு வையுங்கள். பேசாதிருக்கிற பிள்ளைகள் இருவரையும் அவரவர் மக்களோடு வரச்சொல்லுங்கள். தாயோ தகப்பனோ அழைத்தால் மறுக்க மனம் வராது. அன்றைக்குப் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்க வேண்டாம். அதை ஒருநாள் நியாயமாய்ப் பேசித் தீர்க்கத்தான் வேண்டும். ஆண்டவரும் இராயப்பரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டாரே. ஆனால் பசியாறினவனிடம் பேசுவது வேறு, பகையோடு நிற்கிறவனிடம் பேசுவது வேறு. அக்கம்பக்கத்தில் மக்கள் எல்லாரும் அயல்தேசத்திலிருக்க, தனியே கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிற முதியவர் இருந்தால், அவருக்கும் ஒரு இலை போடுங்கள்.

கதை சொல்ல எங்களுக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாய் நிற்கிற ஷ்மிட் நினைவுமண்டபத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதன் கதையைச் சொல்லுங்கள். 1930-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி, பிறருடைய உயிரைக் காப்பாற்ற உதவி, அலையில் மூழ்கி உயிர்நீத்த டென்மார்க் தேசத்தவர் அவர். அயலாருக்காகத் தன் உயிரைக் கொடுத்த ஒருவரின் நினைவைப் பார்த்துக்கொண்டே நாம் சுண்டல் தின்கிறோம் என்று பிள்ளைகள் அறியட்டும். உங்கள் திருமணம், உங்கள் கஷ்டம், செபமாலை உங்களைத் தாங்கின விதம், எல்லாம் சொல்லுங்கள். அர்ச். சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்த விசுவாசத்தை நினைவுகூர்ந்து, அடுத்தபடியாகவே, அவர் பெற்ற வரத்தைத் தணலை ஊதி எழுப்புவதுபோல் எழுப்பச் சொல்லுகிறார். தணல் பாட்டியின் அடுப்பிலிருந்து வந்தது என்று இதனால் விளங்குகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் கடற்கரை மணலிலே பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிடுகின்றன. ஏறக்குறைய 45 நாளுக்குப் பின் வெளிவருகிற குஞ்சுகள், வெளிச்சம் மிகுந்த பக்கமே கடல் என்று எண்ணி நகர்கின்றன. கரையில் விளக்கோ நெருப்போ எரிந்தால் வழிதப்பிச் சாலைக்குப் போய் மாண்டுபோகும். ஆகையால் மணலில் தீ மூட்ட வேண்டாம். நம் பிள்ளைகளும் அப்படியே. எது பளிச்சென்று எரிகிறதோ அந்தப் பக்கம் போவார்கள். கைப்பேசியைப் பிடுங்கித் திட்டுவதால் பயன் சொற்பம். அதைவிட வெளிச்சமான முகங்களை அவர்களுக்குக் காட்டுங்கள்.

பாஸ்கு சனி இரவில் கோவிலுக்கு வெளியே புதுநெருப்பை மந்திரித்து, அதிலிருந்து பாஸ்குத் திரியைக் கொளுத்தினோம். அந்தச் சுடரை ஒருவர் மெழுகுதிரியிலிருந்து ஒருவர் ஏற்றிக்கொண்டோம். பக்கத்தில் நிற்கிறவர் பகையாளியா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. அந்தச் சுடரை வீட்டுக்குக் கொண்டுபோவோம். இந்தக் கோடை முடியுமுன் ஒரு வீட்டிலாவது அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், உங்கள் பங்குச் சுவாமிக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை.

அர்ச். தோமையார் நமக்காக மன்றாடுவாராக. சர்வேசுரன் உங்களையும் உங்கள் பேரப்பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.