சொர்ணவாரியும் குடுவைக் காற்றும்

2008 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மாதந்தோறும், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு வந்துபோன ஒரு லுஃப்தான்சா விமானத்தின் சரக்கறையில், பயணிகளின் பெட்டிகளோடு சுமார் 1.5 டன் எடையில் ஒரு கொள்கலமும் வந்தது. கேரிபிக் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். உள்ளே அளவுக் கருவிகளும் 28 கண்ணாடிக் குடுவைகளும். விமானத்தின் வயிற்றில் பொருத்திய குழாய் வழியே வெளிக்காற்று வரும். வழியெல்லாம் குடுவைகள் தாமாகவே நிரம்பி மூடிக்கொள்ளும். ஊர் திரும்பியதும் மைன்ஸ் நகரத்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தில் சோதனை. மேலே பயணிகள் சாப்பிட்டுத் தூங்கி வந்திருப்பார்கள். இதற்கென்று தனி விமானம் பறக்கவிடாமல், எப்படியும் போகிற விமானத்தில் ஏறிக்கொண்ட இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எடுத்த காற்றில் மீத்தேன் கூடியிருந்தது. மீத்தேன் பிறப்பது தரையில். மேலே போகப் போகக் குறைவதுதான் வழக்கம். தென்மேற்குப் பருவமழை அதை மாற்றிவிடுகிறது. பெரிய மேகங்கள் தரைக்காற்றைச் சில மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடுகின்றன. அங்கே திபெத்தை நடுவாக வைத்துச் சுழலும் ஒரு மாபெரும் காற்றுச் சுழல் அதை எளிதில் வெளியே விடுவதில்லை.

அது எதிலிருந்து வந்த மீத்தேன்? எரிவாயுக் கசிவு என்றால் ஈத்தேனும் சேர்ந்து வரும். விறகு, வைக்கோல் எரிந்தது என்றால் கார்பன் மோனாக்சைடும் கூட வரும். இவை அந்த அளவுக்கு ஏறாமல் மீத்தேன் மட்டும் ஏறினால், அது சேற்றிலிருந்தும் மாட்டு வயிற்றிலிருந்தும் வந்தது. கூட வந்தவர்களைப் பார்த்து ஊரைச் சொல்லும் வித்தை.

அந்த மாதங்களில் வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நிற்கும். தண்ணீர் கட்டிய வயலில் கால் வைத்தால் கணுக்காலைச் சுற்றிக் கொப்புளங்கள் எழும்பி உடையும். ஆனால் மீத்தேனில் பெரும்பகுதி இந்தக் கொப்புளங்களில் போவதில்லை. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது வேருக்குள் புகுந்து, தண்டிலுள்ள காற்றறைகள் வழியே இலைப்பக்கமாக வெளியேறுகிறது. வேர் மூச்சு விட நெல் வைத்துக்கொண்ட குழாய்தான் அது. பயிர் அசையாமல் நிற்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது.

சென்னைக்கு வந்த குடுவையில் கணியம்பாடியின் பங்கு எவ்வளவு? பிரிக்க முடியாது. கங்கைச் சமவெளியின் காற்றும் அதில்தான் இருக்கிறது. மேலே போன காற்றுக்குப் பருவம் உண்டு, பட்டா எண் கிடையாது. இது எனக்கு ஆறுதலா சங்கடமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் போனால் மூக்கே கருவி. டேனரிக் கழிவுநீர் தேங்கினால் அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு. அதே குட்டையில், காற்றுப் படாத அடிச்சேற்றில் மீத்தேனும் உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது. நாறுவதற்கு மனு கொடுத்திருக்கிறோம், வழக்குப் போட்டிருக்கிறோம். நாறாததற்கு விமானம் வரவேண்டியிருந்தது. நாட்டின் மீத்தேன் கணக்கில் முதலிடம் அசைபோடும் கால்நடைகளின் ஏப்பத்துக்கு. உயிரோடிருக்கும்வரை அந்தக் கணக்கில் இருக்கும் மாடு, செத்த பிறகு இந்தப் பக்கத்துத் தோல் கணக்கில் வரவாகிறது.

மாட்டுத் தலையை எண்ணி, நெல் ஏக்கரை எண்ணி அரசு ஐ.நா.வுக்குக் கொடுக்கும் கணக்கை நம்பாதவர்கள் உண்டு, நானும் நம்பினவனில்லை. 2017-இல் அனிதா கணேசனும் உடன் ஆய்வாளர்களும் தரை, விமானம், செயற்கைக்கோள் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2010 முதல் 2015 வரை இந்தியாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி டன் மீத்தேன். குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. அரசின் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

வயலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் மேலே போவது மீத்தேன் மட்டுமல்ல. அதே 2017 ஜூலை, ஆகஸ்டில் காத்மாண்டுவிலிருந்து ஜியோஃபிசிகா என்ற ரஷ்ய விமானம், விமானி ஒருவரே ஓட்ட, 20 கிலோமீட்டர் உயரம்வரை ஏறியது. அங்கே அகப்பட்டது அம்மோனியம் நைட்ரேட் துகள். தரையிலிருந்து ஏறிப்போன அம்மோனியாவின் மறுபிறவி. யூரியாவுக்கும் சாணத்துக்கும் அதில் பங்குண்டு.

மீத்தேனைக் குறைக்க வழி தெரியாமல் இல்லை. ஒற்றை நாற்று நடவு சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். தண்ணீர் கட்டி, வடியவிட்டு, மண்ணில் மயிர்க்கோடு விழுந்ததும் மறுபடி கட்டுவது. மண்ணுக்குள் காற்றுப் புகுந்தால் மீத்தேன் கணிசமாகக் குறையும். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும். ஆனால் வயல் எப்போது காய வேண்டும் என்பதை மண் மட்டும் தீர்மானிப்பதில்லை, மும்முனை மின்சாரமும் தீர்மானிக்கிறது. நடுராத்திரி கரண்ட் வந்ததும் எழுந்துபோய் மோட்டார் போடுகிறவர், அடுத்து எப்போது வருமோ என்று வரப்பு முட்ட நிரப்பிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.