யாருக்கு விசுவாசம்?

உங்கள் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கிற செல்போன் எந்தக் கம்பெனி? அடுத்த தடவை வாங்கும்போதும் அதே கம்பெனிதானா? 'ஆமாம்' என்றால், ஏன்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் லண்டனில் இருக்கும் என் மாப்பிள்ளை. அங்கே பலர் 24 மாத ஒப்பந்தத்தில்தான் போன் வாங்குகிறார்கள். போன் விலை, பேசுகிற கட்டணம் எல்லாம் சேர்த்து மாசா மாசம் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஒப்பந்தம் முடியப் போகிறது என்பதைக் கம்பெனியே முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும் என்று 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு விதி. நம்பரை எடுத்துக்கொண்டு வேறு சர்வீஸுக்குப் போக 2019-லிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போதும். (இதில் நாம் முந்தி! 1900-க்கு 'போர்ட்' என்று அனுப்பும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியிலேயே வந்துவிட்டது.)

மாப்பிள்ளைக்கும் அந்த அறிவிப்பு வந்தது. ராத்திரி போன் செய்தார்.

"பத்து வருஷமா ஒரே கம்பெனி போன் மாமா. இப்ப இன்னொரு கம்பெனிதுல கேமரா நல்லா இருக்கு, விலையும் கம்மி. ஆனா மாத்தினா ஏதோ துரோகம் பண்ற மாதிரி இருக்கு."

துரோகம்! சிரித்துவிட்டேன். அப்புறம் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. எனக்கும் இருந்த வியாதிதானே அது.

என்னுடையது நோக்கியா 1100. 2003-ல் வந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன். தலையில் ஒரு டார்ச். கரண்ட் போன ராத்திரிகளில் என் மனைவி முதலில் தேடியது அதைத்தான், என்னை அப்புறம்தான். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பித்ததும் பிடிப்பு இன்னும் இறுகியது. பெங்களூர் ரோட்டில் போகும்போது, ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்களில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகும் பெண்களைப் பார்ப்பேன். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். 'அடுத்ததும் நோக்கியாதான்' என்று நான் வீம்பாகச் சொன்னபோது மனசில் இருந்தவை அந்த முகங்கள்.

2014-ல் நோக்கியா தன் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரித் தகராறில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. பிறகு எச்.எம்.டி. என்ற இன்னொரு ஃபின்லாந்துக் கம்பெனி, உரிமம் வாங்கி அந்தப் பெயரைத் தன் போன்களில் போட்டுக்கொண்டது. பெயர் திரும்பி வந்துவிட்டது. பஸ்ஸில் தூங்கிய பெண்கள் அதற்குள் ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். அந்தப் பெயருக்காக நான் மறுபடி வாங்கியிருந்தால், அது யாருக்குக் காட்டிய விசுவாசம்?

மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டேன். "உங்க போட்டோ, மெசேஜ், நம்பர் எல்லாத்தையும் நாளைக்குக் காலையில யாராவது அலுங்காம புது போனுக்கு மாத்திக் கொடுத்துட்டா?"

"உடனே மாறிடுவேன் மாமா."

கவனித்தீர்களா? துரோகம் அரை நொடியில் காணாமல் போய்விட்டது! மிச்சமிருந்தது மாறுகிற சிரமம். அந்தச் சிரமமும் எப்போதும் தானாக வருவதில்லை. 2021-ல் எபிக் கேம்ஸ், ஆப்பிள் மீது நடத்திய வழக்கில் கம்பெனியின் உள்கடிதங்கள் வெளியே வந்தன. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்று 2013-ல் பேச்சு வந்தபோது ஒரு மூத்த அதிகாரி தயங்கியிருக்கிறார். கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தருவதற்கு இருக்கிற தடை நீங்கிவிடுமாம்.

வாசலில் கல்லை உருட்டி வைத்துவிட்டு, 'எங்க வீட்டை விட்டு அவர் போகவே மாட்டார், அவ்வளவு பிரியம்' என்று சொல்லிக்கொள்கிற மாதிரி. வியாபாரத்தில் இது தப்பா சரியா என்பதை கோர்ட்டுகள் பார்த்துக்கொள்ளட்டும். உள்ளே உட்கார்ந்திருக்கிற நாமும் அதைப் பிரியம் என்றே நம்பிவிடுகிறோமே, அது எனக்கு உறுத்துகிறது. உறுத்தக் காரணம் இருக்கிறது.

எங்கள் தெரு முனையில் ஒரு டெய்லர். இருபத்தைந்து வருஷம் எனக்குச் சட்டை தைத்தவர். என் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி வரை மெஷின் மிதித்து முடித்துக் கொடுத்திருக்கிறார். அவரிடம் போய் நாலு வருஷம் ஆகிறது. ரெடிமேட் சுலபம், தள்ளுபடி வேறு. அவரை விட்டு மாறியபோது துரோகம் என்ற வார்த்தை எனக்கு ஞாபகமே வரவில்லை.

மாப்பிள்ளை இன்னும் முடிவு செய்யவில்லை. நான் நேற்று அந்தக் கடையைத் தாண்டும்போது வழக்கம்போல மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். மெஷின் சத்தம் நின்றது.

"சார், சட்டை எங்க எடுத்தீங்க? இடது பக்கம் தொங்குதே" என்றார்.