இடுவதோடு முடியுமா ஈகை?

பறவைகட்கும் விலங்குகட்கும் இரங்கி உணவிடுதலைக் கருணா தானம் என்கிறோம். அஃது இல்லறத்தார் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயின், இட்டவுடன் அக்கடமை முடிந்துவிடுகின்றதா?

பிரிட்டன் நாட்டு மக்கள் பலர், குளிர்காலத்தில் தம் வீட்டுத் தோட்டங்களில் கம்பிக் கூண்டுகளிலும் பலகைகளிலும் விதைகளை வைத்துக் காட்டுப் பறவைகளுக்கு உணவிடுகின்றனர். டிசம்பரில் அங்கே பகற்பொழுது ஏறக்குறைய 8 மணி நேரமே. நிலம் உறைந்து கிடப்பதும் உண்டு. பகலில் போதிய இரை கிடைக்காத சிறு பறவை அந்நீண்ட இரவைக் கடப்பது அரிது. சாளரத்தருகே அமர்ந்து அவை உண்பதைக் காண்பது அம்மக்களுக்குப் பெருமகிழ்ச்சி.

2005ஆம் ஆண்டு, புறாக்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த டிரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிரி அங்குள்ள சிட்டினப் பறவைகளையும் தாக்கியது. நோயுற்ற பறவையின் தொண்டை வீங்கும். விதையை விழுங்க இயலாமல் உமிழ்ந்துவிடும். எச்சில் பட்ட அவ்விதையை மற்றொரு பறவை உண்ணும். பறவைகள் பல கூடி உண்ட இடமே நோய் பரவும் இடமாயிற்று. தோட்டந்தோறும் காணப்பட்ட கிரீன்ஃபிஞ்ச் என்னும் பசுமை நிறப் பறவை பெரிதும் குறைந்து, 2021இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அன்பினால் இட்ட உணவு பாவமாகுமோ எனச் சிலர் வினவலாம். கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்தலே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். நோயை அறியாது இட்டவரைப் பழித்தல் முறையன்று. அறிந்த பின்னும் கழுவாத கலத்தில் இடுபவர், தம் கண்ணின் இன்பத்தையே பெரிதாகக் கொண்டவராவார்.

அங்ஙனமாயின் இடாதிருத்தலே நன்று எனின், அதுவும் அறமன்று. நம்மைச் சார்ந்த உயிருக்கு உணவும் நீரும் மறுத்தல், அஹிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து குற்றங்களுள் ஒன்று. அன்னபான நிரோதம் என்பது அதன் பெயர். எனவே கலத்தை வாரம் ஒரு முறையேனும் கழுவி உலர்த்துக. நீரை நாள்தோறும் மாற்றுக. அன்றே உண்டு தீரும் அளவு இடுக. நோயுற்ற பறவை தென்படின் இரு வாரங்களேனும் உணவிடுவதை நிறுத்திப் பறவைகள் கலைந்து செல்ல விடுக. அவ்வாறு நிறுத்துவது உணவு மறுத்தலாகாது. உயிர் காக்கும் அபய தானமே ஆகும்.

நம் வீட்டு மாடிகளிலும் தானியமும் நீரும் வைக்கிறோம். நீரை வடிகட்டி அருந்தும் மரபினர் நாம். நமது நீருக்குக் காட்டும் அக்கவனத்தைப் பறவைகளின் கலத்திற்கும் காட்டுவோமாக.

அறம் வளர்க!